பழைய சுருளுக்கு ஒரு ஆணி

என் அக்கா வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வைண்டர் என்பார்கள். எரிந்துபோன மோட்டாருக்குள் இருக்கும் கருகிய செம்புக் கம்பியை எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி அதை மறுபடி ஓட வைக்கிற வேலைக்கு வைண்டிங் என்று பெயர். அந்த வேலையை விட்டுவிட்டுக் கம்பெனிச் சீருடையை மாட்டிக்கொண்ட பிறகும் அவர் வைண்டர்தான். எனக்கு மாமா. அவருக்கு நான் மாப்ள. நாங்கள் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாத நாள் என்று ஒன்று இருந்தால், இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

நான் தையல்காரன். கோட்டு வெட்டத் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்வேன்; கேட்கத்தான் ஆளில்லை. இப்போது வருகிறவர்கள் கடையில் வாங்கிய பேன்ட்டைக் கொண்டுவந்து கால் நீளத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். ஒரு வெட்டு, ஒரு மடிப்பு, ஒரு தையல். என் கடையில் பாதி இடம் சும்மா கிடந்தது. பின்னாளில் அதை மாமாவுக்கு விட்டுக்கொடுக்க முடிந்தது அதனால்தான். நடந்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்க்கும்படி ஆனதும் அதனால்தான்.

மாமா வாலிபத்தில் வேலை பார்த்த வைண்டிங் கடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. உள்ளே நுழைந்தால் வார்னிஷ் நெடி மூக்கைப் பிடுங்கும். கல்யாணமான புதிதில் தலையணையெல்லாம் வார்னிஷ் வாசனை அடிக்கிறது என்று அக்கா அம்மாவிடம் அழுதாள். "சம்பாதிக்கிற வாசனைடி அது, பழகிடும்" என்றாள் அம்மா. பழகியும் விட்டது. மாமா கம்பி சுற்றும்போது உதடு மட்டும் அசையும். சுற்றுகளை எண்ணுகிறார் என்று பொருள். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் இடது கையைத் தூக்கிக் காட்டுவார். முதலாளியே வந்தாலும் அந்தக் கைக்கு முன்னால் நின்றுதான் ஆக வேண்டும்.

அந்தக் கடைச் சுவரில் பெரிய ஆணி ஒன்று அடித்திருக்கும். மோட்டாரிலிருந்து வெட்டி எடுத்த பழைய சுருளைச் சிதையாமல் அந்த ஆணியில் மாட்டிவிட வேண்டும். மோட்டாரை வாங்கிப் போனவர் சில நாள் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று வந்து சொல்லும்வரை அதை இறக்கக் கூடாது. ஏன் என்று நான் கேட்டபோது மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அளவுச் சட்டை இல்லாம நீ புதுச் சட்டை தைப்பியா மாப்ள? எவ்வளவு தடிமன் கம்பி, எத்தனை சுத்து, எந்தப் பள்ளத்துல நுழைஞ்சு எந்தப் பள்ளத்துல வெளிய வரணும், எல்லாம் அந்தப் பழசுகிட்டதான் இருக்கு. கருகிப்போனாலும் அது சொல்லும். தூக்கிப் போட்டுட்டா யார்கிட்ட போய்க் கேக்கறது?"

அந்தக் கடை மூடிவிட்டது. புது மோட்டார்கள் மலிவாக வந்தன. எரிந்தால் தூக்கியெறியும்படியே செய்து அனுப்பினார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா காலையிலும் மாலையிலும் நச்சரித்து மாமாவை ஒரு கம்பெனியில் சேர வைத்தாள். வீட்டுச் சாமான்களை வீட்டுக்கே போய்ச் சரிபார்க்கிற வேலை. நீலச் சட்டை, தோளில் பை, மார்பில் அட்டை. முதல் நாள் அவரைப் பார்த்து, "என்ன மாமா, தபால்காரர் ஆயிட்டீங்களா?" என்றேன். "ஆமா மாப்ள, உனக்கு ஒரு தந்தி வந்திருக்கு, உன் மூளையக் காணோமாம்" என்றார். அப்போதெல்லாம் அவருக்குச் சட்டென்று பதில் வரும்.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டுக்குப் போனார். துணி துவைக்கிற மெஷின் நின்றுபோயிருந்தது. உள்ளே ஒரு கம்பி முனை கழன்றிருக்க, ஈயம் வைத்துப் பற்றவைத்து ஓடவிட்டு வந்துவிட்டார். அந்த வீட்டம்மா சந்தோஷம் தாங்காமல் கம்பெனிக்கே போன் செய்து, உங்கள் ஆள் தங்கமான ஆள் என்று பாராட்டிவிட்டார். வந்தது வினை. மறுநாள் மேலாளர் மாமாவைக் கூப்பிட்டு, உள்ளே திறப்பது உன் வேலையில்லை, கெட்டுப்போன பாகத்தை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசை மாட்டுவதுதான் உன் வேலை என்றார். மாட்டுவதற்குப் பாகம் வரவில்லை என்றால் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டுமாம். அவர்களே புதுசு வாங்கிக்கொள்வார்களாம்.

மாமா அதை வீட்டில் நடித்துக் காட்டுவார். தலையைச் சாய்த்து, குரலை இறக்கி, ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற டாக்டர் போல, "ஆயுசு முடிஞ்சுபோச்சும்மா, மனசத் தேத்திக்கோங்க" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்குப் புரை ஏறும்.

பல வருஷம் கழித்து ஒருநாள், வண்டியில் அவரோடு போகும்போது வழியில் ஒரு வீட்டு வேலை இருக்கிறது என்று என்னையும் உள்ளே கூட்டிப்போனார். ஒரு பெரியவர் பழைய ஃபேனைக் காட்டினார். மாமா அதைச் சுழற்றிக்கூடப் பார்க்கவில்லை. "ஆயுசு முடிஞ்சுபோச்சுங்க" என்றார். நடிப்பு இல்லை, கிண்டல் இல்லை. சாதாரணமாகச் சொன்னார். வெளியே வந்ததும், "நாடி பிடிச்சுக்கூடப் பாக்கலையே மாமா" என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். வண்டியை உதைத்துக் கிளப்பினார், அவ்வளவுதான்.

ஆனால் அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. கம்பியைச் சுற்றுவதற்கு அவரே செதுக்கிய மர அச்சுகள், கம்பியைப் பள்ளத்துக்குள் நெருக்கித் தள்ளுகிற மூங்கில் பட்டை, மரச் சுத்தி, எல்லாம் பழைய போர்வையில் சுற்றிக் கட்டியிருக்கும். பெருக்கும்போதெல்லாம் அக்கா முனகுவாள். அதை மட்டும் தூக்கிப் போட அவர் விடவே இல்லை. கம்பெனியில் யாராவது மட்டம் தட்டிப் பேசிய நாளில், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே சொல்வார்: "என்ன வேணா சொல்லிட்டுப் போகட்டும் மாப்ள. கை எங்க போயிடும்? நாளைக்கே உக்காரச் சொன்னாலும் சுத்துவேன்." அந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் அவர் அத்தனை வருஷமும் அந்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். எனக்கு இது அப்போதே தெரியும். அக்காவுக்கும் தெரியும். அதனால்தான் முனகுவாளே தவிர, மூட்டையைத் தொட மாட்டாள்.

ஒருநாள் கம்பெனி பழுதுபார்க்கும் பிரிவையே மூடிவிட்டது. பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசை எடுத்துப் போ என்று திட்டம் போட்டுவிட்டார்கள். நடுவில் ஆள் எதற்கு? மாமா அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். அக்கா அழுதாள். அவர் அழவில்லை. நேராகக் கட்டிலுக்கு அடியில் குனிந்து மூட்டையை இழுத்தார். தூசி தட்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். வேலை போன மனிதனின் முகமாக அது இல்லை.

என் கடையில் பாதியை ஒதுக்கிக் கொடுத்தேன். மேஜை போடுவதற்கு முன்னால், அலமாரி வைப்பதற்கு முன்னால், அவர் செய்த முதல் வேலை சுவரில் ஆணி அடித்தது. "மாமா, சாமி படமா?" என்றேன். "பழைய சுருளுக்குடா" என்றார்.

முதல் வேலையும் தேடிக்கொண்டு வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு பேக்கரி. பேக்கரிக்காரர் மாமாவோடு சின்ன வயதிலிருந்து பழகியவர். அவரிடம் மாவு பிசைகிற பெரிய மெஷின் ஒன்று உண்டு. நிதானமாகச் சுற்றுகிற, கனமான பழங்கால மோட்டார். அந்த மாதிரி இப்போது யாரும் செய்வதில்லை. அதன் மேல் அடித்திருந்த தகடும் தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. வாலிபத்தில் மாமாதான் ஒருமுறை அதற்குக் கம்பி சுற்றிக் கொடுத்தார். அதன் பிறகு இத்தனை வருஷமும் அது ஓடியது. இப்போது எரிந்துவிட்டது.

புது மெஷின் விற்கிறவன் வந்து பேக்கரிக்காரரிடம் படம் காட்டினான். அவர் அவனுக்கு ஒரு பன்னைக் கொடுத்து அனுப்பிவிட்டு எங்களிடம் வந்தார். "எங்க வைண்டர் வந்துட்டான், எனக்கு எதுக்குப் புதுசு?" என்றார். அவருடைய ஆட்கள் மோட்டார் வரும்வரை கையாலேயே மாவு பிசைந்தார்கள். தோள் வலி என்று முணுமுணுத்தார்கள். "கொஞ்ச நாள் பொறுங்கடா, நான் மட்டும் சும்மாவா நிக்கறேன்?" என்று சொல்லிக்கொண்டே அவரும் கை விட்டுப் பிசைந்தார்.

மோட்டாரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினோம். மாமா கை கழுவி, சட்டைக் கையை மடித்து, மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "வாடா என் ராசா, என்னைத் தெரியுதா?" என்றார். எனக்கே சந்தோஷமாக இருந்தது. நான் ஒரு பேன்ட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று மாமா நிறையப் பேசினார். கம்பெனி மேலாளர் எப்படி மூக்கைச் சொறிவார் என்பதிலிருந்து, பெரிய பெண்ணுக்கு வரன் பார்ப்பது வரை. பேசிக்கொண்டே உளியை வைத்துத் தட்டினார். பேசிக்கொண்டே குறடு போட்டு இழுத்தார். கருகிய கம்பி கொத்துக் கொத்தாக வந்தது. வந்ததை வந்தபடி காலடியில் இருந்த சாக்கில் போட்டார். கை அவ்வளவு வேகமாக ஓடியது. பிறகு தூரிகை வைத்து ஒவ்வொரு பள்ளமாகத் துடைத்தார். உள்புறம் பளபளவென்று ஆனது. நான் எட்டிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கு மாமா" என்றேன். "பின்ன?" என்றார்.

மதியம் பழைய இரும்புக்காரரின் வண்டி தெருவில் வந்தது. மாமாவே எழுந்து போய்ச் சாக்கைத் தூக்கி வண்டியில் போட்டுவிட்டு வந்தார். வரும்போது வாயில் ஏதோ பாட்டு.

சாப்பிட்டுவிட்டு வந்து மூட்டையிலிருந்து சரியான மர அச்சைத் தேடி எடுத்தார். புதுக் கம்பி உருளையை மாட்டி, முனையை அச்சில் கட்டி, ஒரு சுற்றுச் சுற்றினார். உதடு அசைந்தது. நின்றுவிட்டது. அவர் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தார்.

நானும் பார்த்தேன். ஆணியில் ஒன்றும் இல்லை.

"என்ன மாமா?" என்றேன். "ஒண்ணுமில்ல மாப்ள" என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. எனக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கையிலிருந்த பேன்ட்டைக் கீழே போட்டேன். வருஷக் கணக்காக அந்தக் கை பழகியது ஒன்றே ஒன்று: பழசைப் பிடுங்கு, வீசு, புதுசை மாட்டு. எத்தனை வீடு, எத்தனை மெஷின். மனிதர் மறக்கவில்லை, ஆணியைக்கூட அடித்து வைத்திருந்தார். கை அவரைக் கேட்காமல் தன் பாட்டுக்கு வேறொரு வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டது.

இரண்டு பேரும் ஓடினோம். பழைய இரும்புக்காரர் கிடங்கில் எடை போட்டுக்கொண்டிருந்தார். மூலையில் செம்புக் கம்பி ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. எல்லாம் கருப்பு, எல்லாம் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டிருந்தன. "எது உங்களோடது?" என்று கேட்டார் அவர், நியாயமாகத்தான். மாமா குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்துப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "என்ன வைண்டரே, கம்பிக்கு ஜாதகம் பாக்கறீங்களா?" என்று இரும்புக்காரர் சிரித்தார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது. மாமா எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "வா மாப்ள" என்றார்.

திரும்பும் வழியில் நான், "பேக்கரிக்காரர்கிட்ட சொல்லிடலாம் மாமா" என்றேன். "என்னன்னு?" என்றார். என்னவென்று சொல்வது? "ஒரு தடவை நானே சுத்துன மோட்டார்தானே. கைக்கு ஞாபகம் இருக்கும்" என்றார் அவர்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. அச்சில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். கண்ணை மூடிக்கொண்டு கம்பியை விரலுக்கு நடுவில் உருட்டிப் பார்த்தார். உதடு பழையபடி அசைந்தது. எண்ணினார். எதுவரை எண்ண வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கடைசியில், பள்ளம் நிறைகிறவரை போட்டால் கிட்டத்தட்டச் சரியாக இருக்கும் என்று ஒரு கணக்குக்கு வந்தார். மூங்கில் பட்டையால் நெருக்கித் தள்ளி, வார்னிஷ் ஊற்றி, வெயிலில் காய வைத்தார். கடை முழுக்க அந்தப் பழைய நெடி. சாப்பாடு கொண்டுவந்த அக்கா வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினாள். "வந்துடுச்சுடா அந்த வாசனை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அவளிடம் எதையும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் பேக்கரியில் மோட்டாரைப் பொருத்தினோம். அக்கா வந்திருந்தாள், பேக்கரி ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். மாமா பொத்தானை அழுத்தினார். ஓடியது. சத்தம் சீராக, தாழ்வாக இருந்தது. பேக்கரிக்காரர் மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "வைண்டர் வைண்டர்தான்யா" என்றார். மாமா மோட்டாரின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் மெல்ல மெல்லச் சிரிப்பு வந்தது. நானும் நம்பிவிட்டேன். கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, அநியாயமாகப் பயந்துவிட்டோம் என்று நினைத்தேன்.

தொட்டியில் மாவைக் கொட்டித் தண்ணீர் விட்டார்கள். பிசைகிற இரும்புக் கரண்டி சுற்ற ஆரம்பித்தது. மாவு இறுகியது. மெஷின் முக்கியது, ஆனாலும் சுற்றியது. ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவில் மாமா சட்டென்று தலையைத் திருப்பினார். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அவர் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கை பொத்தானுக்குப் போவதற்குள் மூடியின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. மெஷின் நின்றது. பாதி பிசைந்த மாவு கரண்டியில் ஒட்டிக்கொண்டு தொங்கியது.

பேக்கரிக்காரர் நல்ல மனிதர். அவர்தான் முதலில் பேசினார். "விடுப்பா. பழசுதானே. அதோட ஆயுசு அவ்வளவுதான். நீ என்ன பண்ணுவ?" என்றார்.

மாமா நிமிர்ந்து அவரைப் பார்த்தார். தப்பித்துக்கொள்ள ஒரு வழியைப் பேக்கரிக்காரரே தட்டில் வைத்து நீட்டியிருந்தார். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், ஊரே நம்பும். மனசுக்குள் நான், தலையாட்டுங்கள் மாமா, தலையாட்டிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இல்லண்ணே" என்றார் மாமா. "அதுக்கு ஆயுசு இருந்துச்சு. நல்ல மோட்டார். நான்தான் பழைய சுத்தை எண்ணாம வெட்டிப் போட்டுட்டேன். இது குத்துமதிப்பாச் சுத்துனது. கம்பி தடிச்சுப் போனதால சுத்து கம்மியாப் போச்சு. நான்தான் எரிச்சேன்."

அக்கா முகத்தை மூடிக்கொண்டாள். மாமா குனிந்து மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்தார். யாரையும் கை வைக்க விடவில்லை.

பேக்கரிக்காரர் புது மெஷின் வாங்கினார். படம் காட்டிய அதே ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். ஆனால் கேட்டவர்களிடமெல்லாம் பேக்கரிக்காரர், மோட்டார் கிழடாகிவிட்டது, வைண்டர் எவ்வளவோ பார்த்தான் என்றே சொன்னார். அந்தப் பெருந்தன்மையையும் மாமா விட்டுவைக்கவில்லை. தேநீர்க் கடையில் யாராவது, பாவம் பழைய மோட்டார் என்று ஆரம்பித்தால், இல்லை நான்தான் எரித்தேன் என்பார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"மாமா, உங்கள யாரு கேட்டா? வாயை வெச்சுட்டுச் சும்மா இருந்தா நாலு பேர் வேலை கொண்டுவந்து கொடுப்பாங்க. நீங்களே தண்டோரா போட்டா எவன் வருவான்?"

அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "மாப்ள, ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு நான் எத்தனை வீட்டுல சொல்லியிருப்பேன். பாதிக்கு மேல பொய். நல்ல சாமான். எல்லாத்தையும் குப்பைக்கு அனுப்புனேன். இந்த ஒரு மோட்டாருக்காவது அந்தப் பொய்யைச் சொல்லாம இருக்கேனே" என்றார். நான் போய் மெஷினில் உட்கார்ந்து, ஒரு பேன்ட்டில் ஒரு காலுக்குப் பதில் இன்னொரு காலை வெட்டித் தொலைத்தேன்.

அவர் விட்டுவிடவும் இல்லை. தன் வீட்டு ஃபேனையே கழற்றிக் கொண்டுவந்தார். இந்த முறை உளியைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு சுற்றாக எண்ணினார். பழைய சுருளை முழுசாக எடுத்து ஆணியில் மாட்டினார். எல்லாம் முறைப்படி. ஆனால் மயிர் போன்ற அந்தக் கம்பியைப் பள்ளத்தில் தள்ளும்போது விரல் நடுங்கியது. பட்டை உரசி, கம்பி மேல் இருந்த பூச்சு கீறிவிட்டது. எங்கே கீறியது என்று அவருக்குக் கண்ணில் படவில்லை. பொத்தானைப் போட்டதும் டப் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அவர் இரண்டு கைகளையும் மேஜை மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுத்தமான கைகள். வார்னிஷ் கறை போய், நகமெல்லாம் வெள்ளையாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. அக்கா அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட நாட்கள் உண்டு.

அன்று சாயங்காலம் பேக்கரி மோட்டாரை மேஜை மேல் தூக்கி வைத்தார். தான் தப்பாகச் சுற்றி எரித்த சுருளை, ஒரு கம்பிகூடச் சிதையாமல், பொறுமையாக வெட்டி எடுத்தார். ஃபேன் சுருளை இறக்கிவிட்டு அதை ஆணியில் மாட்டினார். பழைய இரும்புக்காரர் வந்து கேட்டபோது, "அது இறங்காது" என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு அம்மா வந்தார். மார்போடு அணைத்து ஒரு மேஜை ஃபேனைக் கொண்டுவந்திருந்தார். கனமான, இரும்பு இறக்கை வைத்த ஃபேன். எங்கெங்கோ கேட்டுவிட்டு வருகிறார் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வைண்டர் கடை இதுதானே? எல்லாரும் ஆயுசு முடிஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க."

மாமா வாங்கி மேஜையில் வைத்தார். மூடியைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு மெதுவாகச் சுற்றிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கம்பியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் ஒரு சாமானை அவ்வளவு நேரம் பார்த்து நான் பார்த்ததில்லை.

"ஆயுசெல்லாம் முடியலம்மா. நல்ல ஃபேன். கம்பி மட்டும்தான் போயிருக்கு. புதுசாச் சுத்துனா உங்க காலத்துக்கும் ஓடும்."

அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப சுத்திக் கொடுங்க. எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

மாமா மூடியை எடுத்துப் பழையபடி பொருத்தினார். ஒவ்வொரு திருகாணியாக முடுக்கினார். "என்னால முடியாதும்மா. வேற தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கொடுங்க."

"வேற யாரு இருக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். அவரோடு அந்தப் பழைய கடையில் உட்கார்ந்து சுற்றியவர்களை ஒவ்வொருவராக அவர் மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஒருவர் செத்துவிட்டார். ஒருவர் வாடகை வண்டி ஓட்டுகிறார். இன்னொருவர் மகனோடு செல்போன் உறை விற்கிறார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தெரியலம்மா" என்றார்.

அந்த அம்மாவுக்குப் புரியவில்லை. வாசலையும், மேஜை மேல் இருந்த மர அச்சுகளையும், ஆணியில் தொங்கிய சுருளையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதானே வைண்டரு?" என்று கேட்டார்.

"இருந்தேம்மா" என்றார் மாமா.

ஃபேனை ஒரு துணியால் துடைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, படியில் பார்த்து இறங்கச் சொன்னார். அந்த அம்மா தெருமுனை திரும்பும்வரை மாமா வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்ததும்தான் அழுதார். நான் பெடலை மிதித்து மெஷினை ஓட்டிக்கொண்டே இருந்தேன், ஊசிக்கடியில் துணி எதுவும் இல்லை.